4,500 ஓவியங்கள், இரண்டு சூட்கேஸ்கள்: நாஜி முகாமில் டிராயிங் கிளாஸ் எடுத்த ஃப்ரீடல் டிக்கர் யார்?

1945 ஆகஸ்ட். ஐரோப்பாவில் போர் முடிந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பிராக் நகரில் உள்ள யூத சமூக அலுவலகத்துக்கு வில்லி குரோக் என்ற இளைஞர் இரண்டு சூட்கேஸ்களைத் தூக்கிக்கொண்டு வந்தார். திறந்து பார்த்தால் உள்ளே பணமும் இல்லை, பத்திரமும் இல்லை. அத்தனையும் காகிதம். சுமார் 4,500 படங்கள். பென்சில், கிரேயான், வாட்டர் கலர், கிழித்து ஒட்டிய வண்ணத் தாள். எல்லாமே பிள்ளைகள் வரைந்தவை.

பெரும்பாலான படங்களின் ஓரத்தில் ஒரு பெயர் இருந்தது. சிலவற்றில் வயதும் அறை எண்ணும்கூட. அந்தப் பெயர்களுக்கு உரியவர்களில் பெரும்பாலானோர் அப்போது உயிரோடு இல்லை. படம் வரையச் சொல்லிக்கொடுத்து, வரைந்ததும் பெயர் எழுத வைத்த டீச்சரும் இல்லை.

அந்த டீச்சர்தான் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ். டிசைன் படித்தவர்களுக்கு பௌஹவுஸ் பள்ளியின் மாணவியாக இவரைத் தெரியும். ஆர்ட் தெரபி படித்தவர்களுக்கு அந்தத் துறையின் முன்னோடிக்கே குருவாகத் தெரியும். மற்ற பலருக்கு இந்த இரண்டு சூட்கேஸ்கள் மூலமாகத்தான் தெரியும்.

பேப்பர் கடைக்காரரின் மகள்

1898 ஜூலை 30-ம் தேதி வியன்னாவில், வசதி இல்லாத ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். நான்கு வயதில் அம்மா இறந்துவிட்டார். அப்பா ஸ்டேஷனரி கடை ஒன்றில் வேலை பார்த்தவர். பொம்மை வாங்க வழியில்லாத வீடு என்றாலும், பேப்பரும் பென்சிலும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன.

முதலில் போட்டோகிராஃபி படித்தார். பிறகு வியன்னாவின் கலைத்தொழில் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே ஃபிரான்ஸ் சிசெக் என்ற ஆசிரியர். சிறுவர்களுக்கென்று தனியாக ஓவிய வகுப்பு நடத்தி, ஐரோப்பா முழுவதும் பேசப்பட்டவர் அவர். பிள்ளைகளின் படத்தைப் பெரியவர்களின் படத்தோடு ஒப்பிட்டுக் குறை சொல்லக் கூடாது, அது தனக்கென்று விதிகள் கொண்ட தனிக் கலை என்பது அவர் கட்சி. குதிரையைப் பார்த்து அப்படியே குதிரை வரைந்தால்தான் மார்க் என்றிருந்த காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

அடுத்த குரு யோஹன்னஸ் இட்டன். இவர் வகுப்பு இன்னும் விநோதம். வரையும் முன் மூச்சுப் பயிற்சி, உடலை அசைக்கும் பயிற்சி. பிறகு தாளத்துக்கு ஏற்பக் கோடு இழுப்பது. மரத்துண்டு, துணி, கம்பி, காகிதம் என்று எதைக் கொடுத்தாலும் அதன் சொரசொரப்பையும் வழவழப்பையும் விரலால் உணர்ந்து வேலை செய்வது. பழைய ஓவிய மேதைகளின் படங்களைக் காப்பியடிக்காமல், அவற்றின் வெளிச்சமும் இருட்டும் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று பிரித்துப் பார்ப்பது. 1919-ல் ஜெர்மனியின் வைமார் நகரில் வால்டர் குரோப்பியஸ் தொடங்கிய பௌஹவுஸுக்கு இட்டன் போனபோது, அவருடைய வியன்னா மாணவர்கள் பலரும் கூடவே போனார்கள். அதில் ஃப்ரீடலும் ஒருவர்.

இந்தப் பயிற்சிகளைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இருபது வருடம் கழித்து, யாரும் எதிர்பார்க்காத இடத்தில் இவை திரும்ப வரும்.

மடக்கினால் படுக்கை, விரித்தால் வகுப்பறை

1923-ல் பௌஹவுஸை விட்டு வெளியே வந்தவர், நண்பர் ஃபிரான்ஸ் சிங்கருடன் சேர்ந்து முதலில் பெர்லினிலும் பிறகு வியன்னாவிலும் தொழில் செய்தார். நாடக மேடை, துணி டிசைன், ஃபர்னிச்சர், வீட்டு உள்வடிவமைப்பு என எதையும் விடவில்லை. மடக்கி வைக்கும் கட்டில், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் நாற்காலி என, சின்ன வீட்டில் இடத்தை மிச்சப்படுத்துவதுதான் இவர்களின் ஸ்பெஷாலிட்டி. இன்றைய ஒரு பெட்ரூம் ஃபிளாட்காரர்களுக்கு உடனே புரியும்.

வியன்னாவில் தொழிலாளர்களுக்காகக் கட்டப்பட்ட கோத்தேஹோஃப் குடியிருப்பில் ஒரு மாண்டிசோரி மழலையர் பள்ளிக்கும் இவர்கள் உள்வடிவமைப்பு செய்தார்கள். கிட்டத்தட்ட அதே காலத்தில், 1931 வாக்கில், மழலையர் பள்ளி ஆசிரியைகளுக்கு ஓவியம் கற்றுக்கொடுக்கும் வேலையையும் ஃப்ரீடல் ஏற்றார். டிசைனராக இருந்தவர் டீச்சரானது இங்கேதான். சிங்கரோடு இருந்த உறவு காதலாகவும் இருந்தது, காயமாகவும் முடிந்தது. ஃப்ரீடலுக்குக் கடைசிவரை சொந்தக் குழந்தை இல்லை.

1934-ல் ஆஸ்திரியாவில் சர்வாதிகார ஆட்சி இடதுசாரிகளை ஒடுக்கியது. கம்யூனிஸ்டாக இருந்த ஃப்ரீடல் போலி பாஸ்போர்ட் விவகாரத்தில் கைதானார். அந்த விசாரணையைப் பின்னர் ஓவியமாகவும் வரைந்தார். வெளியே வந்ததும் பிராகுக்குக் குடிபெயர்ந்தார்.

பிராகில் ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் தப்பி வந்த அகதிக் குடும்பங்கள் நிறைய இருந்தன. அந்தப் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு எடுத்தார். வியன்னாவிலிருந்தே அவரைப் பின்தொடர்ந்து வந்த ஈடித் கிராமர் என்ற இளம் மாணவி உதவிக்கு இருந்தார். ஊரை இழந்து வந்த பிள்ளை ஒரு படத்தை ஒழுங்காக முடிக்கும்போது அதன் முகத்தில் வரும் மாற்றத்தை இருவரும் பக்கத்திலிருந்து பார்த்தார்கள். கிராமர் 1938-ல் அமெரிக்கா போனார். பின்னாளில் ஆர்ட் தெரபி என்ற துறையை அங்கே உருவாக்கியவர்களில் ஒருவரானார்.

ஃப்ரீடலும் போயிருக்கலாம். பாலஸ்தீனத்துக்கு விசா கிடைக்க வழி இருந்தது. ஆனால் 1936-ல் திருமணம் செய்துகொண்ட கணவர் பாவெல் பிராண்டைஸுக்கு விசா இல்லை. அவரை விட்டுவிட்டுப் போகமாட்டேன் என்று தங்கிவிட்டார். இருவரும் ஹ்ரோனோவ் என்ற சிற்றூருக்குப் போனார்கள். 1939 மார்ச்சில் ஜெர்மன் ராணுவம் மிச்சமிருந்த செக் பகுதிகளையும் பிடித்தது. வேலை போனது, வீடு போனது. 1942 டிசம்பரில் முகாமுக்கு வரச்சொல்லி ஆணை வந்தது.

50 கிலோவுக்குள் எதை எடுத்துப் போவீர்கள்?

ஒருவருக்கு 50 கிலோ சாமான்தான் அனுமதி. போகும் இடத்தில் குளிர், பசி, வியாதி. போர்வை, ரொட்டி, ஸ்வெட்டர் என்றுதான் எல்லோரும் யோசிப்பார்கள். ஃப்ரீடல் தன் பங்கில் பேப்பரையும் பெயிண்டையும் சேர்த்துக்கொண்டார். படுக்கை விரிப்புகளுக்குச் சாயம் ஏற்றி எடுத்துப் போனார். பிள்ளைகள் நாடகம் போட்டால் பச்சை விரிப்பு காடாகுமே என்ற கணக்கு.

1942 டிசம்பர் 17 அன்று தெரெசின் போய்ச் சேர்ந்தார். 18-ம் நூற்றாண்டின் கோட்டை நகரம் அது. ராணுவ வீரர்களும் சில ஆயிரம் மக்களும் இருந்த ஊரில், நாஜிகள் பல்லாயிரம் யூதர்களை அடைத்து வைத்தார்கள். போர் முடியும்வரை சுமார் 1,40,000 பேர் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். சுமார் 33,000 பேர் அங்கேயே பசியிலும் நோயிலும் செத்தார்கள். சுமார் 88,000 பேர் அங்கிருந்து ஆஷ்விட்ஸ் போன்ற கொலை முகாம்களுக்கு ரயிலேற்றப்பட்டார்கள்.

முகாமின் அன்றாட நிர்வாகம் கைதிகளான யூதப் பெரியவர்களின் தலையில் கட்டப்பட்டிருந்தது. அவர்கள் எடுத்த ஒரு நல்ல முடிவு, முடிந்த அளவு பிள்ளைகளைத் தனி விடுதிகளில் வைப்பது. எல்-410 என்ற கட்டடம் பெண்பிள்ளைகளின் விடுதி. ஓர் அறையில் சுமார் 30 பேர், மூன்றடுக்குக் கட்டில்கள், மூட்டைப்பூச்சி, எப்போதும் பசி. 28-ம் எண் அறையில் 12 முதல் 14 வயதுப் பெண்கள் இருந்தார்கள். நம் கணக்கில் ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது படிக்க வேண்டியவர்கள். 14 வயது ஆகிவிட்டால் வேலைக்குப் போயாக வேண்டும்.

பாடம் நடத்துவதற்குத் தடை. கணக்கு, வரலாறு எல்லாம் ஒளித்துத்தான் நடந்தது. பாட்டுக்கும் டிராயிங்குக்கும் தடை இல்லை. பொழுதுபோக்குதானே, இதனால் என்ன ஆகிவிடப்போகிறது என்று காவலர்கள் விட்டுவிட்டார்கள்.

13 வயதில் ஏன் பென்சிலைக் கீழே வைக்கிறோம்?

ஓவிய ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. ஐந்து வயதுப் பிள்ளையிடம் பேப்பரைக் கொடுத்தால் போதும், வரைந்து தள்ளும். 12, 13 வயதில் அதே பிள்ளை எனக்கு வரைய வராது என்று ஒதுங்கும். கண் வளர்ந்துவிடுகிறது, கை அந்த அளவுக்கு வளரவில்லை. வரைந்தது நிஜம் மாதிரி இல்லை என்று அதற்கே தெரிகிறது. அப்போது பிள்ளைகள் ஒரு ஃபார்முலாவுக்குள் பதுங்கிக்கொள்ளும். இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, பக்கத்தில் தென்னை மரம், வளைந்து ஓடும் ஆறு. நாம் எல்லோரும் வரைந்த படம்தானே?

தெரெசினில் ஃப்ரீடலுக்கு வாய்த்தவர்களில் பலர் சரியாக இந்த வயதுப் பிள்ளைகள். கூடவே வீட்டை, அப்பாவை, பெயரை இழந்தவர்கள். முகாமில் ஆளுக்கு ஒரு எண்தான்.

அவர் வகுப்பு பெரும்பாலும் படத்தில் ஆரம்பிக்காது. கையைத் தளர்த்தும் பயிற்சி, தாளத்துக்கு ஏற்ற கோடு, வேகமாக, மெதுவாக, உடைந்து, வளைந்து. இட்டன் வகுப்பில் கற்றது அப்படியே. இதில் அழகாக வரைவது, அசிங்கமாக வரைவது என்ற பேச்சுக்கே இடம் இல்லை. வரைய வராது என்று ஒதுங்கும் 13 வயதுப் பெண்ணும் தாளத்துக்குக் கோடு இழுப்பாள். ஃபார்முலாவை உடைக்க இது ஒரு வழி.

பிறகு பொருள்கள். ஒரு ஜாடி, ஒரு ஜோடி செருப்பு, ஜன்னல் வழியே தெரியும் கூரை என்று கண்ணெதிரே இருப்பதை உற்றுப் பார்ப்பது. சில நாள் அவர் சில சொற்களை, ஒரு குட்டிக் கதையைச் சொல்வார். கேட்டதை மனதில் வைத்து வரைய வேண்டும். வெர்மீர் போன்ற மேதைகளின் படங்களின் அச்சுப் பிரதிகளைக் காட்டி, அதன் வெளிச்சத்தையும் நிழலையும் காகிதத் துண்டுகளால் கட்டச் சொல்வார்.

அந்தக் காகிதம் எங்கிருந்து வந்தது? கொண்டுவந்தது எவ்வளவு நாளைக்குத் தாங்கும்? அலுவலகங்களில் கழித்துக் கட்டிய படிவங்கள், பார்சல் சுற்றிய தாள், எதுவானாலும் சரி. இன்றைக்கும் சில படங்களில் அச்சடித்த கட்டங்களும் கோடுகளும் அடியில் தெரியும். எந்தப் படிவத்தில் மனிதர்களைக் கணக்கெடுத்தார்களோ அதே மாதிரிப் படிவங்களைக் கிழித்துப் பிள்ளைகள் மரமும் மலையும் ஒட்டினார்கள்.

குட்டையான உருவம், ஒட்ட வெட்டிய தலைமுடி, மெல்லிய குரல். பிழைத்து வந்த மாணவிகள் அவரை நினைவுகூர்ந்தது இப்படித்தான். வரைந்ததைத் திருத்தமாட்டார், தன் கையால் ஒரு கோடுகூடப் போடமாட்டார். ஒன்றில் மட்டும் கறார். முடித்ததும் பெயர் எழுத வேண்டும்.

1943-ல் பிள்ளைகளின் படங்களை வைத்து முகாமிலேயே ஒரு கண்காட்சி நடத்தினார். அங்கிருந்த ஆசிரியர்களுக்கு இதைப் பற்றி உரையும் நிகழ்த்தினார். பிள்ளைகளைச் சீக்கிரம் நம்மைப் போல ஆக்கிவிட வேண்டும் என்று பெரியவர்களுக்கு ஏன் இவ்வளவு அவசரம், நாம் என்ன அவ்வளவு திருப்தியாகவா இருக்கிறோம் என்பது அந்த உரையில் அவர் எழுப்பிய கேள்வி. குழந்தைப் பருவம் பெரியவராவதற்கான வெயிட்டிங் ரூம் இல்லை என்பது அவர் வாதத்தின் சாரம். பெரும்பாலானவர்கள் வளர்ந்து பெரியவர்களாகவே போவதில்லை என்ற இடத்தில் நின்று அவர் இதைப் பேசினார்.

ஏன் முகாமை வரையவில்லை?

படங்களைப் பார்ப்பவர்களுக்கு முதலில் தோன்றும் கேள்வி இது. சூட்கேஸில் இருந்தவற்றில் முள்வேலியும் காவலரும் பிணவண்டியும் மிகக் குறைவு. பூக்கள், வீடு, மேஜை மேல் சாப்பாடு, புல்வெளி, ரயில், பட்டாம்பூச்சி. இவைதான் அதிகம்.

அதே விடுதியில் இருந்த ஹெல்கா வைஸ்ஸோவா என்ற சிறுமி நேர் எதிர் வழியில் போனார். முகாமில் கண்ணால் பார்ப்பதை வரையும்படி அவர் அப்பா சொல்லியிருந்தார். உணவு வரிசை, நெரிசலான அறை, ரயிலேறக் காத்திருக்கும் கூட்டம் என்று அவர் வரைந்த படங்கள் இன்று முக்கியமான வரலாற்று ஆவணம். ஹெல்கா உயிர் பிழைத்தார், ஓவியராகவே வாழ்ந்தார்.

பெரியவர்கள் நிஜத்தை வரைந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. முகாமின் வரைபட அலுவலகத்தில் வேலை பார்த்த பெட்ரிக் ஃபிரிட்டா, லியோ ஹாஸ் உள்ளிட்ட ஓவியர்கள் பசியையும் சாவையும் ரகசியமாக வரைந்தார்கள். 1944 ஜூலையில் பிடிபட்டு, குடும்பத்தோடு சிறையில் அடைக்கப்பட்டார்கள். ஃபிரிட்டா ஆஷ்விட்ஸில் இறந்தார். அதற்குச் சில வாரம் முன்புதான், ஜூன் 23 அன்று, செஞ்சிலுவைச் சங்கக் குழு பார்வையிட வந்தபோது ஊருக்கே வெள்ளையடித்துக் காட்டியிருந்தார்கள் நாஜிகள்.

அப்படியென்றால் ஃப்ரீடல் பிள்ளைகளை நிஜத்திலிருந்து திசைதிருப்பினாரா? அப்படிச் சொல்ல முடியாது. என்ன வரைய வேண்டும் என்று அவர் திணிக்கவில்லை. பயந்து கிடக்கும் பிள்ளைக்கு முதலில் தேவை உள்ளே ஒரு ஒழுங்கு, கொஞ்சம் சுதந்திரம் என்று நினைத்தார். இதை ஆர்ட் தெரபி என்று இன்று எளிதாக லேபிள் ஒட்டுகிறோம். அது பாதிதான் சரி. தெரெசினில் அவர் ஓவியத்தை ஓவியமாகவே சொல்லிக்கொடுத்தார். கலவை, ரிதம், வண்ணம் எதிலும் சலுகை காட்டவில்லை. முகாம் பிள்ளைகள்தானே, ஏதோ கிறுக்கட்டும் என்று விட்டிருந்தால் அந்த 4,500 படங்கள் இப்படி இருந்திருக்காது. வகுப்பு முடிந்த பிறகு அவற்றை உட்கார்ந்து படிப்பார். போர் முடிந்ததும் பிள்ளைகளின் ஓவியத்தைப் பற்றி விரிவாக எழுதும் எண்ணம் அவருக்கு இருந்தது.

அக்டோபர் 6

1944 செப்டம்பர் 28 அன்று பாவெலை ரயிலேற்றினார்கள். விசா கிடைக்காத கணவருக்காக அன்று நாட்டிலேயே தங்கிய ஃப்ரீடல், இப்போது தன்னையும் அடுத்த ரயிலில் அனுப்பும்படி தானே கேட்டுக்கொண்டார். அந்த ரயில்கள் எங்கே போகின்றன என்று அங்கிருந்த பெரும்பாலானவர்களுக்குத் தெளிவாகத் தெரியாது. அவர் எந்த அளவு தெரிந்து கேட்டார் என்பதைச் சொல்ல யாரும் இல்லை.

கிளம்பும் முன் ஒரு வேலை மிச்சம் இருந்தது. படங்களை இரண்டு சூட்கேஸ்களில் அடுக்கி, விடுதியில் இருந்தவர்களிடம் ஒப்படைத்தார். அவர்கள் அவற்றைப் பத்திரமாக ஒளித்து வைத்தார்கள். அக்டோபர் 6 அன்று சுமார் 1,550 பேருடன் ரயில் கிளம்பியது. அவரிடம் படித்த பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். அக்டோபர் 9 அன்று ஆஷ்விட்ஸ்-பிர்கெனாவின் விஷவாயு அறையில் ஃப்ரீடல் கொல்லப்பட்டார். வயது 46.

பாவெல் பிழைத்துக்கொண்டார்.

28-ம் எண் அறையில் அந்த இரண்டு வருடங்களில் மாறி மாறித் தங்கிய சுமார் 60 சிறுமிகளில் 15 பேர்தான் போரின் முடிவைப் பார்த்தார்கள். டிராயிங் கிளாஸ் யார் உயிரையும் காப்பாற்றவில்லை. பிழைத்தவர்கள் அந்த வகுப்பைப் பற்றிப் பேசும்போது, அந்த ஒரு மணி நேரம் வேறு எங்கோ இருந்தது போல இருக்கும் என்ற மாதிரிதான் சொன்னார்கள். அதற்கு மேல் பெரிதாக எதையும் கோரவில்லை.

பெட்டிகளை பிராகுக்குக் கொண்டுவந்த வில்லி குரோக்தான் பெண்கள் விடுதியின் கடைசிப் பொறுப்பாளர். படங்கள் முதல் சில ஆண்டுகள் பெரிதாகக் கண்டுகொள்ளப்படவில்லை. 1950-களில்தான் கண்காட்சிகள் மூலமும் புத்தகம் மூலமும் உலகத்துக்குத் தெரியவந்தன. அப்போதும் பிள்ளைகள்தான் பேசப்பட்டார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார் என்று ஆய்வாளர்கள் தேடி, அவருடைய சொந்த ஓவியங்களையும் கடிதங்களையும் சேர்த்துக் கண்காட்சி வைப்பதற்கு இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

படங்கள் இப்போது பிராக் யூத அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கின்றன. அவற்றில் ஒரு பகுதியைப் பழைய பிங்காஸ் தொழுகைக்கூடத்தில் பார்க்கலாம். அதன் கீழ்த்தளச் சுவர்களில், கொல்லப்பட்ட செக் நாட்டு யூதர்கள் சுமார் 80,000 பேரின் பெயர்கள் ஒரே மாதிரி எழுத்தில் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. படி ஏறி மாடிக்குப் போனால் பிள்ளைகளின் படங்கள். அங்கே பெயர்கள் சின்னதும் பெரிதுமாக, கோணல்மாணலாக, அவரவர் கையெழுத்தில்.